பந்தியில் ஓர் இலை குறைகின்றது

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கிவிட்டால் நம் ஊர்களுக்குத் தனிக்களை வந்துவிடுகின்றது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் தெற்கே வரும் வண்டிகளில் இடம் கிடைப்பதில்லை. வளைகுடா நாடுகளில் உழைப்போர் தம் விடுப்பை இந்நாள்களுக்கென்றே சேர்த்து வைத்துக்கொண்டு வருகின்றனர். வாசலில் நட்சத்திர விளக்கு எரிகின்றது. அடுக்களையில் முந்திரிக்கொத்தும் அதிரசமும் அச்சுமுறுக்கும் டின் டின்னாக நிரம்புகின்றன. பேரப்பிள்ளைகள் வைக்கோலும் மணலும் கொண்டுவந்து குடில் கட்டுகின்றனர். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த அறைகளில் பாய் விரிக்கப்படுகின்றது. மக்களும் மருமக்களும் சூழ அமர்ந்திருக்கும் முதியோர் முகத்தில் அன்று காணும் மகிழ்ச்சி இறைவன் அளித்த கொடை என்பதில் ஐயமில்லை.

மக்கள் அந்நாளில் தம் வீட்டுப் பந்தியை மட்டுமே காண்கின்றனர். பங்குப் பணியில் இருக்கும் நாமோ ஒரே தெருவில் பத்து வீட்டுப் பந்திகளையும் காண்கின்றோம். நடு இரவுத் திருப்பலியில் ஆலயத்தின் வலப்பக்கம் அண்ணன் குடும்பமும் இடப்பக்கம் தம்பி குடும்பமும் நிற்கக் காண்கின்றோம். சமாதானம் கூறும் வேளையில் இருவரும் தத்தம் அருகில் நிற்கும் அயலாரைக் கைகூப்பி வணங்குகின்றனர். ஒரே பாத்திரத்திலிருந்து நாம் எடுத்துக் கொடுக்கும் நற்கருணையை உட்கொள்கின்றனர். பூசை முடிந்ததும் இரு வேறு வாசல்கள் வழியே வெளியேறுகின்றனர். நண்பகலில் அண்ணன் வீட்டில் நமக்கு இலை போடுகின்றார்கள். மாலையில் தம்பி வீட்டில் பலகாரத் தட்டு வைக்கின்றார்கள். அவ்விரு வீடுகளுக்கும் பொதுவான விருந்தாளி சிலவேளை நாம் ஒருவர் மட்டுமே.

கிறிஸ்தவ விசுவாசம் ஒரு குடும்பத்தின் விழாக் கூட்டத்தை எவ்வாறு மாற்றும் என்று கேட்டால், உணவுக்கு முன் செபம் சொல்ல வேண்டும், செபமாலை சொல்ல வேண்டும், குடிலின் முன் பாட வேண்டும் என்று பலரும் விடை கூறுவர். இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் இவையெல்லாம் குறைவின்றி நடக்கும் வீட்டிலும் பந்தியில் ஓர் இலை குறைவதுண்டு. அது யாருடைய இலை என்று வாய்விட்டுக் கேட்பதே விசுவாசம் அவ்வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை என்று நாம் கருதுகின்றோம்.

யோபின் வீட்டுப் பந்தி

திருவிவிலியத்தில் யோபு என்றதும் புண்களும் சாம்பலும் பொறுமையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்நூலின் முதல் அதிகாரம் ஒரு குடும்பத்தின் விழாப் பந்தியோடு தொடங்குவதைப் பலர் கவனிப்பதில்லை. யோபுக்கு ஏழு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் இருந்தனர். ஆண்மக்கள் முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் விருந்து நடத்தினர். தம் சகோதரிகள் மூவரையும் அவ்விருந்துக்கு அழைத்துக்கொண்டனர். ஏழு வீடுகள், பத்துப் பிள்ளைகள், விடுபட்டவர் ஒருவருமில்லை. சகோதரிகளை மறவாமல் அழைத்ததைத் திருநூல் தனியே குறிப்பிடுவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

விருந்து நாள்கள் முடிந்தபின் தந்தை என்ன செய்தார்? பிள்ளைகளை வரவழைத்துத் தூய்மைப்படுத்தினார். விடியற்காலையில் எழுந்து அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் பலி ஒப்புக்கொடுத்தார். விருந்தின் களிப்பில் அவர்கள் உள்ளத்தில் இறைவனுக்கு எதிரான எண்ணம் எழுந்திருக்குமோ என்று அஞ்சினார். விருந்தில் வாய்ச்சொல் தவறும், மனம் புண்படும், பழங்கதை கிளறப்படும் என்பதை அத்தந்தை அறிந்திருந்தார் போலும். அதனால் அவர் விருந்தை நிறுத்திவிடவில்லை. விருந்துக்குப் பின்னர் ஒவ்வொரு பிள்ளையின் பொருட்டும் இறைவன் திருமுன் நின்றார். நம் வீட்டுப் பெரியவர்கள் விருந்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடுகின்றனர்; வந்தவர், வராதவர் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி இறைவனிடம் ஒப்படைப்பவர் எத்தனை பேர்?

ஒரு நாள் வழி

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரமும் ஒரு குடும்பத்தின் விழாப் பயணத்தையே கூறுகின்றது. மரியன்னையும் சூசையப்பரும் ஆண்டுதோறும் பாஸ்காத் திருவிழாவுக்கு எருசலேமுக்குச் சென்றனர். உற்றாரும் அறிமுகமானோரும் கூட்டமாய்ச் சேர்ந்து செல்வது வழக்கம். இயேசுவுக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டில், விழா முடிந்து ஊர் திரும்புகையில், அவர் கூட்டத்தோடு வருகின்றார் என்று எண்ணியே பெற்றோர் ஒரு நாள் வழி நடந்துவிட்டனர். பின்னரே உறவினரிடையே தேடினர், காணவில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. உறவினர் கூட்டத்தில் இயேசு இருக்கத்தான் செய்வார் என்று எண்ணிக்கொண்டு, அவர் இல்லாமலேயே ஒரு நாள் முழுவதும் கழிந்துவிடக்கூடும் என்பது முதற்பாடம். கிறிஸ்மஸ் நாளில் புத்தாடை, உணவு, தொலைக்காட்சி, அரட்டை, கைப்பேசி என்று பொழுது போனபின், படுக்கப் போகும்போது இன்று யாருடைய பிறப்பைக் கொண்டாடினோம் என்று நினைத்துப் பார்க்கும் வீடுகள் உண்டு. அதையும் நினையாத வீடுகளும் உண்டு. ஒருவர் குறைந்ததை உணர்ந்ததும் அவ்விருவரும் செய்தது இரண்டாம் பாடம். மற்றவர்கள் எல்லாரும் இருக்கின்றார்களே, ஒருவர்தானே இல்லை, வழியைப் பார்ப்போம் என்று அவர்கள் நடையைத் தொடரவில்லை. வந்த வழியே திரும்பினர். மூன்று நாள்களுக்குப் பின் கண்டடைந்தனர்.

திருக்குடும்பத் திருவிழாவைத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1893இல் ஏற்படுத்தினார். 1921இல் அது திருச்சபை முழுவதற்கும் உரிய விழாவாயிற்று. திருக்காட்சிப் பெருவிழாவுக்குப் பின்வரும் ஞாயிறன்று கொண்டாடப்பட்டு வந்த அவ்விழா, 1969இல் திருவழிபாட்டு நாள்காட்டி சீரமைக்கப்பட்டபோது, கிறிஸ்து பிறப்பின் எண்கிழமைக்கு உள்ளேயே வைக்கப்பட்டது. அதாவது, பிள்ளைகள் யாவரும் ஊரில் கூடியிருக்கும் நாள்களுக்கு நடுவிலேயே இன்று அது வருகின்றது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, காணாமற்போன இயேசுவைத் தேடும் இந்த நற்செய்தியே அன்று வாசிக்கப்படுகின்றது. விடுமுறை முடிந்து பெட்டி கட்டுமுன் ஒருமுறை திரும்பிப் பார்க்க, திருச்சபை நமக்குக் கொடுக்கும் வாய்ப்பு அது.

இரண்டு தூக்குச்சட்டிகள்

சில ஆண்டுகளுக்கு முன் தெற்கே ஒரு சிற்றூரில் நாம் பணியாற்றிவந்தோம். அங்கு ஒரு கைம்பெண் தாய். அவருக்கு மகன்கள் இருவர், மகள் ஒருத்தி. தகப்பனார் இறந்தபின் வீட்டையும் வாழைத்தோட்டத்தையும் பங்கு வைத்தார்கள். தோட்டத்துக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதில் வாய்த்தகராறு தொடங்கி, நீதிமன்றம் வரை சென்றது. முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. தாய் ஒரு மாதம் மூத்தவன் வீட்டில், மறு மாதம் இளையவன் வீட்டில் என்று ஏற்பாடு. மதுரையில் வாழ்க்கைப்பட்ட மகள் தொடக்கத்தில் காலையில் ஒரு வீட்டிலும் மதியம் ஒரு வீட்டிலும் உண்டு, இருவர் முகமும் வாடாமல் பார்த்துக்கொண்டாள். எந்த வீட்டில் முதலில் கால் வைத்தாள் என்பதும் ஒரு குறையாய்ப் பேசப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்பைச் சாக்குச் சொல்லி வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு கிறிஸ்மஸ் நாள் நண்பகலில், கிளைக் கிராமத்துப் பூசையை முடித்துத் திரும்பினோம். ஆலயத் திண்ணையில் அத்தாய் தனியே அமர்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு தூக்குச்சட்டிகள். மகன்கள் இருவரும் ஆளுக்கொன்றாய்க் கொடுத்தனுப்பியவை. இரண்டும் திறக்கப்படவில்லை. உண்ணவில்லையா என்று கேட்டோம். "எதைத் தொறந்தாலும் இன்னொண்ணு என்னையே பாக்குது சாமி" என்றார். அதற்கு மறுமொழியாக என்ன சொல்ல முடியும்? பக்கத்தில் சற்றுநேரம் அமர்ந்திருந்தோம்.

மறு ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வந்தோம். அக்குடும்பத்தின் தகப்பனார் கல்லறையின் ஒருபுறம் மூத்தவரும் மறுபுறம் இளையவரும் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, ஒருவரை ஒருவர் பாராமல் நின்றனர். தாய் நடுவே வந்து நின்றார். நம்மை வைத்துக்கொண்டே மகன்களிடம் கூறினார்: "இந்த வருசம் பண்டிகைக்கு நான் ஆக்குறேன். ஒருத்தன் அரிசி வாங்கு, ஒருத்தன் கறி வாங்கு. கேசை நான் நிறுத்தச் சொல்லல. அது கோர்ட்டில கெடக்கட்டும். சோத்த மட்டும் ஒரே எடத்துல தின்னுங்க." மூத்த மருமகள் முதலில் தலையசைத்தார். மகன்கள் பேசவில்லை, மறுக்கவும் இல்லை.

அந்தக் கிறிஸ்மஸ் அன்று தெருவைப் பார்த்த பழைய திண்ணையில், சுவர் எட்டாத இடத்தில், இலைகள் போடப்பட்டன. பெரிதாய்ப் பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. கண்ணீர் விட்டுக் கட்டித்தழுவியதாகவும் நாம் எழுதமாட்டோம், அப்படி நடக்கவில்லை. தம்பிக்கு விக்கல் எடுத்தபோது அண்ணன் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் தள்ளிவைத்தார், அவ்வளவே. அடுத்த ஆண்டு மகளும் பிள்ளைகளோடு வந்துவிட்டாள். வழக்கு அதன் பின்னும் நடந்து, ஒருநாள் முடிந்தது. தீர்ப்பு யாருக்குச் சாதகம் என்பது இங்குத் தேவையில்லை. எழுத்தறியாத அத்தாய்க்கு ஓர் உண்மை தெளிவாய்த் தெரிந்திருந்தது. உரிமை கேட்பது ஒன்று, உறவை அறுப்பது வேறொன்று. முதலாவதை நீதிமன்றம் தீர்க்கட்டும்; இரண்டாவதைத் தீர்க்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை.

இலை குறைவதற்குக் காரணங்கள்

நிலத்தகராறு ஒரு காரணம். மனம் விரும்பி வேறு சாதியில் மணம் புரிந்த பிள்ளையை ஒதுக்கிவைப்பது மற்றொன்று. இது நம் ஆலயங்களுக்குள்ளேயே நுழைந்த நோய் என்பதை வடக்கன்குளம் நமக்கு நினைவூட்டுகின்றது. அங்குத் திருக்குடும்பத்தின் பெயரால் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட ஆலயத்தில், சாதிக்கு ஒரு பக்கமாய் இரு பிரிவுகளும் நடுவே சுவரும் இருந்தன. பீடம் ஒன்றே, பீடத்தை இரு பக்கத்தாரும் காணலாம், ஒருவரை ஒருவர் காண இயலாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் அச்சுவரை அகற்றினர். அதை எதிர்த்த வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. அதே வடக்கன்குளத்தில் 1745இல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், மனிதர் யாவரும் சமம் என்று வற்புறுத்தியதால் மேல்தட்டினரின் பகையைத் தேடிக்கொண்டார், 1752இல் கொல்லப்பட்டார், 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராய் உயர்த்தப்பட்டார். அவர் படத்துக்கு மாலையிட்டுவிட்டு, சாதியின் பொருட்டு மகளுக்கு இலை மறுக்கும் வீடு எத்தகைய வீடு? ஆலயத்தில் இடிந்த சுவர் அவ்வீட்டில் இன்னும் நிற்கின்றது.

குடி மூன்றாவது காரணம். பண்டிகை என்றாலே ஆண்களுக்கு மது என்ற வழக்கம் வேர்விட்டுவிட்டது. ஒரு போத்தல் திறக்கப்பட்டால் ஆண்டு முழுவதும் அடக்கிவைத்த சொற்கள் யாவும் வெளியே வருகின்றன. கிறிஸ்மஸ் மாலையில் நாம் தீர்த்துவைக்க அழைக்கப்பட்ட சண்டைகளுள், மது இல்லாமல் தொடங்கியவை மிகச் சில.

நான்காவது, வீட்டிலேயே இருந்தும் இலை பெறாதவர்கள். நள்ளிரவுத் திருப்பலிக்கு வராமல் அடுப்படியில் நின்ற மருமகள், எல்லாரும் உண்டபின் எஞ்சியதை நின்றுகொண்டே உண்கின்றார். பாத்திரம் கழுவ வந்த பெண்மணி புழக்கடையில் உண்கின்றார். இணைச்சட்ட நூலின் 16ஆம் அதிகாரம், விழாவில் மகிழ வேண்டியவர்கள் யார் யார் என்று பட்டியலிடுகின்றது. மகனும் மகளும் மட்டும் அதில் இல்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும், லேவியரும் அந்நியரும், அநாதையும் கைம்பெண்ணும் அதே வரிசையில் வருகின்றனர்.

திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்கள்

குறைந்த இலையைக் கிறிஸ்மஸ் காலையில் அவசரமாய்ப் போட்டுவிட முடியாது. அதற்கென்றே திருச்சபை நமக்கு நான்கு வாரங்களைத் தந்திருக்கின்றது.

முதல் வாரத்தில், குடும்பச் செப வேளையில் ஒரு தாளை எடுத்து, சென்ற கிறிஸ்மஸுக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று எழுதுங்கள். ஏன் வரவில்லை என்ற ஆராய்ச்சி வேண்டாம். வராதவர் பெயரை மட்டும் நாள்தோறும் செபத்தில் சொல்லுங்கள். எட்டாம் நாளில் அப்பெயரைச் சொல்லும்போது நாவில் இருந்த கசப்புச் சற்றுக் குறைந்திருக்கும்.

இரண்டாம் வாரத்தில், நல்ல ஒப்புரவு செய்யுங்கள். பிள்ளைகள் காதுபட அந்த உறவினரைப் பற்றிக் குறைகூறுவதை நிறுத்துங்கள். பகை பெரும்பாலும் சொத்தைப் போலவே பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகின்றது.

மூன்றாம் வாரம் மகிழ்ச்சியின் ஞாயிற்றோடு தொடங்குகின்றது. அவ்வாரத்தில் நேரில் செல்லுங்கள். கைப்பேசியில் செய்தி அனுப்பினால் போதாது. கையில் சிறு பலகாரம் போதும். நிலத்தைப் பற்றியோ நகையைப் பற்றியோ பேசாமல், பண்டிகைக்கு வாருங்கள் என்று மட்டும் அழைத்துவிட்டு வாருங்கள். தவறு அவர்மேல்தானே, நாம் ஏன் முதலில் போக வேண்டும் என்ற எண்ணம் எழும். காணிக்கை செலுத்த வந்தவன் பீடத்தின் முன் அதை வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்று ஆண்டவர் கூறிய இடத்தை மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் எடுத்துப் பாருங்கள். நமக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அங்கே சொல்லப்படவில்லை. அவருக்கு நம்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் என்றே சொல்லப்படுகின்றது. நினைவுக்கு வந்தவரே நடக்க வேண்டும். அவர் மறுத்தால் சினவாமல் திரும்புங்கள். அழைப்பு வீணாவதில்லை, அடுத்த ஆண்டுக்கு அது விதை.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறுவது நம் கடமை. ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ தீங்கிழைத்த உறவினரை, பண்டிகையின் பெயரால் அவர்கள் எதிரே கொண்டுவந்து அமர்த்துவது ஒப்புரவாகாது. மன்னிப்பு என்பது நடந்ததை மூடிமறைப்பதன்று. அத்தகைய வீட்டில் எளியோரைக் காப்பதே முதல் கடமை. சட்டத்தின் துணையை நாடுவதும் பாவமன்று.

நான்காம் வாரத்தில் வேலைகளைப் பங்கிடுங்கள். நள்ளிரவுப் பூசையை எந்தப் பெண்ணும் இழக்காதபடி சமையலை எளிதாக்குங்கள். ஆண்மக்களும் காய் நறுக்கட்டும், பந்தி பரிமாறட்டும். இவ்வீட்டில் மது இல்லை என்பதை வருவோருக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். வெளியார் ஒருவருக்கு ஓர் இலை கூட்டிப் போடுங்கள். தனித்து வாழும் முதியவர் உங்கள் தெருவில் இருக்கின்றார். ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வந்த இளைஞர்களுள் நம் திருச்சபையின் பிள்ளைகளும் உள்ளனர். பண்டிகை நாளில் அவர்கள் தகரக் கொட்டகையில் தாமே பொங்கித் தின்கின்றனர்.

பெருவிழா நாளில் உண்பதற்கு முன் குடிலைச் சூழ்ந்து நில்லுங்கள். சிறு பிள்ளை ஒன்று பிறப்பின் நற்செய்தியை வாசிக்கட்டும். இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளையைக் கைப்பேசியில் அழைத்து எல்லாரும் முகம் பாருங்கள். பின்னர் அக்கருவிகளை ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். யோபைப் போல, வீட்டில் மூத்தவர் ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் சிலுவை வரைந்து பெயர்சொல்லி ஆசி வழங்கட்டும். அழைத்தும் வராதவரின் பெயரையும் அப்போது சொல்லுங்கள்.

பீடமும் பந்தியும்

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு கிரேச்சியோ என்னும் ஊரில் முதன்முதலில் தீவனத்தொட்டியை அமைத்து, அதில் வைக்கோல் இட்டு, மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அதன்மேலேயே திருப்பலி நிறைவேறச் செய்தார். நம் குடில்களுக்கெல்லாம் அதுவே தாய். குழந்தை இயேசு கிடத்தப்பட்ட இடம், உயிர்கள் வந்து உண்ணும் இடம். அவர் பிறந்த பெத்லகேம் என்னும் ஊரின் பெயருக்கு அப்பத்தின் வீடு என்பது பொருள். தம்மையே உணவாகத் தர வந்தவர் உணவுத் தொட்டியிலேயே கண்வளர்ந்தார்.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்னும் பொருள்படக் குறிப்பிட்டது. இல்லம் திருச்சபையாயின் அதில் பீடம் எங்கே? நீங்கள் இலை போடும் இடமே அதற்கு ஈடானது. ஆலயப் பீடத்தில் ஒரே உணவைப் பெற்றவர்கள் வீட்டில் ஒருவர் இலையை மற்றவர் மறுப்பாராயின், பெற்றதன் பொருளை அவர்கள் இன்னும் உணரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே அன்பர்களே, இவ்வாண்டு இலை அறுக்கத் தோட்டத்துக்குப் போகுமுன் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுவீர்கள் அல்லவா? வழக்கமாய் விட்டுவிடும் அந்த ஒருவரையும் சேர்த்து எண்ணுங்கள். அவர் வந்தால் பந்தி நிறையும். வராவிட்டால் அவ்விலை விரித்தபடியே இருக்கட்டும்; ஏன் அது என்று பேரக்குழந்தை கேட்கும்போது, அது உன் சித்தப்பாவின் இடம், அவர் வருவார் என்று சொல்லுங்கள். இயேசு, மரி, சூசை என்னும் திருக்குடும்பத்தின் ஆசி உங்கள் இல்லங்களில் என்றும் நிலைப்பதாக.